கைநாட்டுக்கு மேலே

போடிநாயக்கனூர்
25.5.2025

மருமகள் சிவரஞ்சனிக்குத் தாய்மாமன் மொக்கையன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, என் ஜீப்பு மூவரும் உயிரோடு இருக்கிறோம். மூவருக்கும் முட்டியில்தான் கோளாறு. அங்கே தண்ணீர் ஒத்துக்கொண்டதா, வயிறு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. அமெரிக்காவைப் பற்றி அப்புறம் எழுதலாம், அது எங்கேயும் போய்விடாது.

நீ விமானம் ஏறின செய்தி போடி முழுக்கப் பரவிவிட்டது. பரப்பினது நான்தான். மதுரையில் விமானம் கிளம்பும்போது நீ சன்னல் வழியாகக் கை காட்டினாய், நானும் காட்டினேன், பைலட்டும் காட்டினார் என்று ஜீப்பு ஸ்டாண்டில் சொல்லியிருக்கிறேன். நீ எப்படியும் காட்டியிருப்பாய். நம்ம டிரைவர் ராஜ்கமல் இருக்கிறானே, வாய் சும்மா இருக்காது. "வேதக்காரங்க பிள்ளைகளுக்கு முகாம் போடுற எடத்துல நம்ம பிள்ளைக்கு என்னண்ணே சோலி" என்றான். "மூணு வருசம் கிறிஸ்தவக் காலேஜுல படிச்ச பிள்ளைடா, அவங்களே தேடி வந்து கூப்பிட்டாங்க" என்றேன். நீயாக எழுதிப் போட்டுத்தான் போனாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிட்டார்கள் என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது.

கடிதங்களை என் விலாசத்துக்கே போடு. மலைக்குப் போட்டால் ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் தூங்கும். உன் அம்மா இருக்கும் லயத்து வரிசை வீட்டில் போன் டவரும் கிடையாது, உனக்கே தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு நானே அக்காவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன். எட்டாம் வகுப்பு முழுசாகவும் ஒன்பதில் பாதியும் படித்தவன், இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எப்படி.

கீழே உன் அம்மா கைநாட்டு. நீ கிளம்பும்போது மதுரைச் சபையார் நீட்டின சம்மதக் காகிதத்தில் வைத்தாளே, அதே இடது கைப் பெருவிரல். இனி ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். அவள் விரல் இருந்தால் அவள் பேசினது மாதிரி.

இப்படிக்கு, உன்னை நினைத்து நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற
மாமன்

(சுருளியம்மாள் கைரேகை)


முகாமிலிருந்து
7.6.2025

அன்புள்ள மாமாவுக்கும் அம்மாவுக்கும் ரஞ்சனியின் வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். தண்ணீர் ஒத்துக்கொண்டது. உங்கள் முட்டிவலிக்குத் தைலம் போடுகிறீர்களா, அம்மா மழையில் செருப்புப் போட்டுக்கொண்டு போகிறாளா?

இது ஏரியும் காடும் உள்ள இடம். ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள். ஒரு கூட்டம் இரண்டு வாரம் இருக்கும், அது போனதும் அடுத்தது. ஆகஸ்டு கடைசி வரை இப்படி. அப்புறம் இடத்தைச் சுத்தம் செய்து மூடிவைக்க செப்டம்பர் இருபது ஆகும். அதுவரைக்கும் இருப்பதாகத்தான் காகிதத்தில் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். பிள்ளைகளிடமும் எங்களிடமும் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். வீட்டோடு பேச வேண்டுமென்றால் எல்லோருக்கும் கடிதம்தான்.

பாட்டும் கைவேலையும் சொல்லித்தரத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் சமையற்கட்டுக்கு வர வேண்டிய இரண்டு பேருக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் கொஞ்ச நாளைக்கு நான் அங்கே இருக்கிறேன். நூற்றிருபது தட்டு, மூன்று வேளை. சாப்பிடும் முன்னால் பிள்ளைகள் எழுந்து நின்று நன்றிப் பாட்டுப் பாடுவார்கள். நல்ல பாட்டு. நாலு சரணம். அது முடிகிற வரைக்கும் சூடான தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், கீழே வைக்கக் கூடாது.

இங்கே இருப்பவர்கள் நல்லவர்கள். முகாமை நடத்துகிற பெரியவரே என்னோடு சேர்ந்து சட்டி தேய்க்கிறார். நேற்று ஒரு சின்னப் பிள்ளை அம்மாவைக் கேட்டு அழுதது. சமாதானம் சொல்லப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கைரேகையைத் தொட்டுப் பார்த்தேன். மை விரலில் ஒட்டவில்லை, அவ்வளவு காய்ந்து வந்திருக்கிறது.

அன்புடன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளும்
ரஞ்சனி


போடிநாயக்கனூர்
22.6.2025

அருமை மருமகளுக்கு மாமனின் ஆசி. உன் கடிதம் பதினொரு நாளில் வந்துவிட்டது. என் விலாசம் அவ்வளவு பிரசித்தம். இங்கே எல்லோரும் சுகம். மலையில் மழை பிடித்துவிட்டது. போடிமெட்டு ஏறும்போது முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு தவிர வேறெதுவும் தெரிவதில்லை. நேற்றுப் பதினோராவது வளைவில் ஒரு யானை குறுக்கே நின்றது. ஹாரன் அடிக்கவில்லை, ஒரு பார்வை பார்த்தேன், ஒதுங்கிக்கொண்டது. வண்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் சாட்சிதான் இல்லாமல் போய்விட்டது.

கடிதத்தை அக்காவுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அரை மணி நேரம் ஆனது. மலைச் சோலி முடிந்து வந்தால் அவள் எப்போதும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாளே, அன்றைக்குச் சாயவே இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். "நூத்தி இருபது பிள்ளைகளா" என்று மூன்று தரம் கேட்டாள். கடிதத்தை வாங்கி மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

ஒரு சந்தோஷச் செய்தி. ஜீப்பு ஸ்டாண்டில் உனக்குப் பிளெக்ஸ் வைத்திருக்கிறோம். உன் காலேஜ் போட்டோ பெரிதாக, பின்னால் ஒரு வெள்ளை மாளிகை, ஓரத்தில் சின்னதாக நான். "கடல் கடந்து கல்வி ஊட்டும் மலைமகளே" என்று வாசகம். நான் எழுதினதுதான். ராஜ்கமல் தினமும் அதன் கீழேதான் வண்டியை நிறுத்துகிறான், மழைக்கு ஒதுங்க என்கிறான். பொறாமை.

சமையற்கட்டுச் சோலி எல்லாம் ரெண்டு நாளைக்குத்தான். உன் திறமை தெரிந்ததும் மேலே தூக்கிவிடுவார்கள். முகத்தில் களைப்பைக் காட்டாதே.

உன் புகழ் பாடியே தொண்டை கட்டிப்போன
மாமன்

(சுருளியம்மாள் கைரேகை)


முகாமிலிருந்து
3.7.2025

மாமாவுக்கு வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமா? நான் இருக்கிறேன்.

இது அம்மாவிடம் கேட்க வேண்டியது. தயவுசெய்து அப்படியே வாசியுங்கள்.

அம்மா, எனக்கு முடியவில்லை. இரண்டாவது கூட்டம் நாளை மறுநாள் போகிறது, மறுநாளே மூன்றாவது வருகிறது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் இராத்திரிச் சட்டி கழுவி முடிக்கிற வரை உட்கார முடிவதில்லை. பிள்ளைகள் படுக்கையை நனைத்த போர்வைகளைத் துவைப்பதும் இப்போது என் வேலை. விசா கிடைக்காதவர்கள் வரவே போவதில்லை என்று தெரிந்துவிட்டது. யார் மேலும் குறை இல்லை. எல்லோருமே இப்படித்தான் ஓடுகிறார்கள். அவர்களுக்கு இது சாமி காரியம், அதனால் ஓட முடிகிறது. நான் பிரார்த்தனைக் கூடத்தில் உட்கார்ந்தவுடன் தூங்கிவிடுகிறேன்.

பெரியவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. செப்டம்பர் வரைக்கும் இருக்க வீட்டார் சம்மதம் கொடுத்திருப்பதால், முன்னாலேயே கிளம்புவதற்கும் வீட்டார் சம்மதம் வேண்டும் என்கிறார். "என் மகள் இப்போதே வரலாம்" என்று ஒரு வரி எழுதி, அம்மா கைநாட்டு வைத்து அனுப்பினால் போதும். டிக்கெட்டை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஜூலை முடிவில் வந்துவிடலாம்.

நீ வேண்டாம் என்றால் இருக்கிறேன் அம்மா. ஆனால் நீதான் சொல்ல வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
ரஞ்சனி


போடிநாயக்கனூர்
13.7.2025

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது. சுகம், சுகத்துக்கு மேலே சுகம். மழை மட்டும் கூடுதல். அட்டைக் கடியில் உன் அம்மா கால் கொஞ்சம் வீங்கி, இப்போது வாடிவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. நேற்றே மலைக்குக் கொண்டுபோய் வாசித்தேன். நீ சொன்னபடி அப்படியே வாசித்தேன். அக்கா சொன்னாள்: எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது நம் குடும்பத்தில் கிடையாது, முடித்துவிட்டு வரச் சொல்லு, இரண்டு மாதம் இரண்டு நிமிடமாகப் போய்விடும், ஊரே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மனதைத் தளரவிடக் கூடாது. இவ்வளவும் அவள் வாயால் சொன்னது. ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

ஆத்தா, நானும் ஒன்று சொல்கிறேன். நான் முதல் முதலாக ஜீப்பு எடுத்தபோது பதினேழு வளைவும் ஏறி இறங்கி, வண்டியை விட்டு இறங்க முடியாமல் இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். மறுநாள் அதே வண்டியை ஒற்றைக் கையால் ஓட்டினேன். பழக்கம்தான் எல்லாம்.

ஸ்டாண்டில் பிளெக்ஸ் மழையில் நனைந்தும் சாயம் போகவில்லை. உன் முகம் பளிச்சென்று இருக்கிறது.

கீழே, நீ கேட்டபடி, உன் அம்மா கைநாட்டு.

உன் நன்மைக்கே பேசும்
மாமன்

(சுருளியம்மாள் கைரேகை)


முகாமிலிருந்து
25.7.2025

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அம்மா சொன்னபடி இருக்கிறேன். நான் நலம். அம்மா காலுக்கு மருந்து போடவும்.

ரஞ்சனி


போடிநாயக்கனூர்
10.8.2025

மருமகளுக்கு மாமன் எழுதுவது. எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடைசிக் கடிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சோலி அதிகமாக இருக்கும். பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு நாலு வரி எழுதவே நேரம் இருக்காது என்று அக்காவிடம் சொன்னேன். அந்த நாலு வரியை வைத்து நேற்று அவளுக்குக் கால் மணி நேரம் வாசித்தேன் என்றால் பார்த்துக்கொள். ஏரியில் படகுப் போட்டி, உன் கட்சி ஜெயித்தது, பிள்ளைகள் உன்னைத் தோளில் தூக்கி வந்தன. அங்கே படகு உண்டுதானே? ஏரி என்று எழுதியிருந்தாய்.

அக்காவுக்கு உன் கடிதம் என்றால் ஒரு மருந்து மாதிரி ஆகிவிட்டது. வாரம் ஆறு நாள் மழையில் குனிந்து காய் எடுத்துவிட்டு, சனிக்கிழமை நான் வருகிற சத்தம் கேட்டால் முகம் கழுவி உட்கார்ந்துவிடுகிறாள். லயத்து ஈஸ்வரிகூட, "மதினிக்கு ஒங்க ஜீப்பு சத்தம் மட்டும் தனியாக் கேக்குதுண்ணே" என்கிறாள்.

எனக்கும் இப்போதெல்லாம் இறங்கும்போது முட்டி நடுங்குகிறது. யாரிடமும் சொல்லாதே. ஸ்டாண்டில் நான் வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் நீளமாக எழுது, ஆத்தா.

மாமன்

(சுருளியம்மாள் கைரேகை)


எஸ்டேட் லயம்
12.8.2025

ரஞ்சனிக்கு ஈஸ்வரி அத்தை எழுதுவது. உங்கள் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளி இருக்கிற ஈஸ்வரிதான். நீ நலமாக இருக்க வேண்டும். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உன் மாமன் வண்டியில் கொடுக்காமல் வேறு ஜீப்பில் கொடுத்து இதைத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

நேற்று மத்தியானம் செடிக்குள் சாப்பிட உட்கார்ந்தோம். மதினி மடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றின உன் கடிதங்களை எடுத்தார். தகரப் பெட்டியில் ஈரம் ஏறுகிறது என்று இப்போது மடியிலேயே வைத்திருக்கிறார். "ஈஸ்வரி, நீ ஒம்பது படிச்சவதான, அந்தப் பிள்ளைக எந்திரிச்சு நின்னு இவளுக்குப் பாட்டுப் பாடுமாமே, அந்த எடத்த மட்டும் ஒருக்கா வாசி" என்றார். நான் தேடினேன். பாட்டு இருந்தது, 'இவளுக்கு' என்பது இல்லை. "மதினி, இவ தட்டத் தூக்கிட்டு நிக்கிறால்ல" என்றேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள், எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு. மதினி சிரிக்கவில்லை. "பூராத்தையும் வாசி" என்றார். ஜூலை மூன்றாம் தேதிக் கடிதமும் அதில் இருந்தது. வாசித்தேன்.

உன் மாமன் அந்தக் கடிதத்தை வாசித்த அன்றைக்கு, மூன்றாவது கூட்டப் பிள்ளைகள் உன்னைக் கேட்டு வந்திருப்பதாகத்தான் சொன்னாராம். நீ வரட்டுமா என்று கேட்டதே மதினிக்குத் தெரியாது. கடைசியில் வழக்கம்போல் வெறுந்தாளில் விரல் வைக்கச் சொன்னாராம், மதினியும் வைத்தாராம். இனிமேல் மதினி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என்னுடைய சொல் இதில் கிடையாது.

"ரஞ்சனி, நீ கேட்டது எனக்கு நேத்துத்தான் தெரியும். ஒரு மாசம் கழிச்சு. நான் வேண்டாம்னு சொல்லல. இருன்னும் சொல்லல. எங்கிட்ட வரவே இல்ல. முப்பது வருசமா இந்த மலையில காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன். முடியலைன்னு நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல, கேக்கலாம்னே தோணல. நீ கேட்டிருக்க. அது நல்லது. எம் மக இப்பவே வரலாம். வந்து தூங்கு. மத்ததப் பெறகு பேசிக்கிருவோம்."

இதை இரண்டு தடவை வாசித்துக் காட்டின பிறகுதான் மதினி விரல் வைக்கிறார்.

உன் நலம் கோரும்
ஈஸ்வரி

(சுருளியம்மாள் கைரேகை)


போடிநாயக்கனூர்
17.8.2025

ரஞ்சனிக்கு மாமன் எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன்.

ஈஸ்வரி கடிதம் உனக்கு முன்னாலேயே வந்திருக்கும். நான் என்ன பெரிய கொலையா செய்துவிட்டேன் என்று ஆரம்பித்து இரண்டு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது.

நேற்றுச் சாயங்காலம் போனேன். அக்கா முகம் கழுவவில்லை. திட்டியிருந்தால் நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. விரலை நீட்டினாள்.

"இது யாரு வெரலு?"

"ஒன்னோடதுதான்க்கா."

"பெறகு ஏன்டா எம் பிள்ளை கேட்டதுக்கு எதிரா இதக் கொண்டுபோயி வச்ச?"

"பிளெக்ஸ் வச்சாச்சுக்கா, ஊரே..." என்று ஆரம்பித்தேன்.

"ஊருக்கு நீ சொல்லிக்க. எங்கிட்ட ஏன் மாத்திச் சொன்ன?"

ஏன் என்று இப்போது உனக்குச் சொல்கிறேன். முதல் கடிதத்தில் கொஞ்சம்தான் சேர்த்தேன், உப்புப் போடுகிற மாதிரி. அக்கா சாயாமல் உட்கார்ந்து கேட்டாள். அவள் அப்படி உட்கார்ந்து உன் அப்பா போன பிறகு நான் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் அதையே திரும்ப வாசிக்கச் சொன்னாள், இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். பிறகு நீ வருகிறேன் என்று எழுதினபோது, அதை வாசித்தால் இதுவரைக்கும் வாசித்தது எல்லாம் பொய் என்று ஆகிவிடும். அதனால் மாற்றி வாசித்தேன். பிளெக்ஸும் ஒரு காரணம்தான். இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

சும்மா சொல்லவில்லை, திரும்பி இறங்கும்போது இரண்டு இடத்தில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன். எதிரே யானை எதுவும் இல்லை.

இதில் அக்கா கைநாட்டு இல்லை. கேட்கவும் இல்லை.

மொக்கையன்


முகாமிலிருந்து
21.8.2025

மாமாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நேற்று ஈஸ்வரி அத்தை எழுதின கடிதம் வந்தது. இதைப் பற்றி உங்களிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை மாமா. இதை யாருக்குப் போடுவது என்று யோசித்தேன். மலைக்குப் போட்டால் அம்மா கைக்கு எப்போது வருமோ தெரியாது. அதனால் உங்களுக்கே போடுகிறேன். ஈஸ்வரி அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அம்மா, பெரியவரிடம் உன் கைநாட்டைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். "வந்து தூங்கு" என்கிற இடத்தை இரண்டு தரம் சொன்னேன். அன்றைக்கே டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார். செப்டம்பர் ஆறு, சனிக்கிழமை காலை மதுரைக்கு வருகிறேன். ஆகஸ்டு கடைசிக் கூட்டத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன். அது இன்னும் பத்து நாள்தான், நானாகவே ஒப்புக்கொண்டேன். மூடுகிற வேலைக்கு இருக்க மாட்டேன்.

நான் இங்கே செய்தது பாத்திரம் கழுவினதும் போர்வை துவைத்ததும்தான். ஒரு நாள் ஒரு பிள்ளைக்குச் சடை பின்னிவிட்டேன். பாட்டுச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஜூலையில் அடுப்புத் தட்டு பட்டு மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன், ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. பார்த்துவிட்டுக் கேட்காதே, இப்போதே சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூலை இருபத்து மூன்றாம் தேதி மாமாவின் கடிதம் வந்தது. அதில் எழுதியிருந்ததை நான் நம்பியிருக்க மாட்டேன், அது மாமா பேசுகிற மாதிரியே இருந்தது. ஆனால் கீழே உன் விரல் இருந்தது. அன்றிலிருந்து நேற்று வரை நாலு வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். ஒரு நாள் விடாமல். சட்டி கழுவும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டினேன்.

மாமா, நீங்கள் செய்ததில் எனக்கு அந்த நாலு வாரம்தான் பெரிது. அதிகமாக வேலை செய்தது அல்ல.

வருகிறேன்.
ரஞ்சனி


போடிநாயக்கனூர்
31.8.2025

ரஞ்சனிக்கு மாமன் எழுதுவது. நீ சுகமாகக் கிளம்பி வர வேண்டும். இந்தக் கடிதம் அங்கே வந்து சேரும்போது நீ இங்கே வந்திருப்பாய். தெரிந்துதான் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் நான் வேறு மாதிரி பேச ஆரம்பித்துவிடுவேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நேற்று லயத்துக்குக் கொண்டுபோனேன். ஈஸ்வரியை நானேதான் கூப்பிட்டேன். அக்கா நடுவில் உட்கார்ந்தாள். ஈஸ்வரி என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, நான் வாசிக்கிற வரியில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றாம் வகுப்பில் எனக்கு அப்படித்தான் வைத்தார்கள்.

பாத்திரத்தை வாசித்தேன். போர்வையை வாசித்தேன். மணிக்கட்டை வாசித்தேன். நீ கோபமாக இருந்ததாக எழுதின இடம் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது. ஈஸ்வரி விரலை எடுக்கவில்லை. வாசித்தேன். சட்டி கழுவும்போது திட்டினதையும் வாசித்தேன்.

அக்கா அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "முடிஞ்சதா?" என்றாள்.

"முடிஞ்சது."

"ஆறாந் தேதி என்ன கெழம?"

"சனிக்கெழம."

எழுந்து தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். ஈஸ்வரியும் நானும் பின்னால் ஓடினோம். என் முட்டிக்கு அந்த இறக்கம் ஆகாது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேராகக் கங்காணி சின்னச்சாமி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வெள்ளி, சனி ரெண்டு நாளு எனக்கு லீவு வேணும்."

கங்காணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மா லீவு கேட்டு அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது, கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார். "காய் எடுப்பு உச்சத்துல இருக்கு, இப்பக் கேக்குறியேம்மா. என்ன விசேசம்?" என்றார்.

"எம் மக வர்றா. மதுரைக்குப் போயிக் கூட்டியாரணும்."

"அட, அமெரிக்காவுல பெரிய வாத்தியாரம்மா உத்தியோகம்னு சொன்னாங்களே, அதுக்குள்ள முடிச்சிருச்சா?"

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் சொல்வதற்கு எனக்கு ஆறு ஏழு விதம் வந்தது. எல்லாமே நன்றாக இருந்தது. அதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"வாத்தியாரம்மா இல்ல. பாத்திரம் வெளக்குச்சு. முடியலைன்னுச்சு, வரச் சொல்லிட்டேன்."

கங்காணி அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார். போடியில் பிளெக்ஸைப் பார்த்தவர் அவர்.

"அப்படியாய்யா?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சனிக்கிழமை காலை நானும் அக்காவும் மட்டும் மதுரைக்கு வருகிறோம், ஸ்டாண்டு ஆட்கள் யாரும் வரமாட்டார்கள்.

மொக்கையன்